இடது கதவு என் வீட்டில், வலது கதவு உங்கள் சுவரில்

இந்த மைசூரில் பழைய சாமான் விலையைக் கெடுத்தது நீங்கள்தான், மேடம். பெயரைச் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. மண்டி மொஹல்லாவில் எந்தக் காயலான் கடையில் போய் "அந்த மேடம்" என்றாலும் ஓடிப்போய் நாற்காலியைத் துடைக்கிறார்கள். என்னைக் கண்டால் அதே நாற்காலியை உள்ளே எடுத்து வைக்கிறார்கள். சொன்ன விலையைச் சொன்னபடி, அதுவும் சிரித்துக்கொண்டே, கொடுத்துவிட்டுப் போகிற ஒரே ஒரு ஆள் போதும். ஊர் முழுக்க விலை ஏறிவிடும்.

பழைய சாமான் வாங்குவது என்றால், வேண்டும் வேண்டும் என்று உள்ளே துடிக்கிற பொருளை வேண்டாத மாதிரி பார்க்கிற வேலை. பதினான்கு வருஷம் பழகிய முகம் என்னுடையது. ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள், கஃபே வைக்கிறவர்கள், அபார்ட்மெண்டின் ஒன்பதாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு "வீட்ல ஒரு பழைய மைசூர் ஃபீல் வேணும்" என்கிறவர்கள், எல்லாருக்கும் நான்தான் அலைந்து வாங்கித் தருகிறேன். காயலான் கடையை இங்கே குஜரி என்பார்கள். ஊரில் இருக்கிற குஜரி அத்தனையும் எனக்கு அத்துப்படி. வாங்கியதை ஏற்றிக்கொண்டு போக என் வீட்டுக்காரர் முருகேசனின் லக்கேஜ் ஆட்டோ இருக்கிறது. எந்தக் கடைக்காரர் முன்னாலும் அசையாத என் முகம், மேடம், உங்களைப் பார்த்தால் மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது.

வாசகர்களே, உங்களிலும் என்னைப் போலப் பட்டவர்கள் இருப்பீர்கள். ஆசைப்பட்ட ஒரு பித்தளை விளக்கை, விலை குறையட்டும் என்று ஒரு வாரம் விட்டுவைத்து, அடுத்த வாரம் போனால் அது இருந்த இடத்தில் தூசி வட்டம் மட்டும் இருக்கப் பார்த்தவர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மேடம் படித்தாலும் சரி.

கை இருக்கும் வரை

நான் பிறந்தது எல்லையோரத்து ஹனூர் பக்கம். கட்டட வேலைக்கு வந்த அப்பா அம்மாவோடு சின்னப் பிள்ளையிலேயே மைசூர் வந்து, பிறகு நானும் சித்தாளாகச் செங்கல் சுமந்தேன். பழைய வீடுகளை உடைக்கிற வேலை நிறைய வரும். வீட்டுக்காரர் மாடியில் நின்று "அந்தக் குப்பையை எல்லாம் தூக்கிப் போடுங்க" என்பார். கீழே குஜரிக்காரர் ஒருத்தர் அந்தக் குப்பையைச் சாக்கு விரித்து, குழந்தையைப் படுக்க வைப்பது போல வண்டியில் படுக்க வைப்பார். இரண்டு பேரில் யாருக்கு விவரம் தெரியும் என்று எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆகவில்லை.

சேர்த்த காசோடு ரஃபீக் பாய் கடைக்கு முதல் முதலாகப் போனேன். ரோஸ்வுட் சட்டம் போட்ட ஒரு சுவர்க் கண்ணாடி. கையில் பிடித்துக்கொண்டு பேசினேன், விலையும் படிந்தது. காசை எடுக்க வேண்டுமே என்று கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, சுருக்குப் பையை இரண்டு கையாலும் பிரித்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பெரிய மனுஷர் குனிந்து கண்ணாடி மேல் கையை வைத்தார். முடிந்தது. இந்தக் கடைகளில் ஒரு சட்டம் உண்டு, எங்கேயும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். பொருள் மேல் ஒருவர் கை இருக்கும் வரை வேறு யாரும் விலை கேட்கக் கூடாது, கடைக்காரரும் சொல்லக் கூடாது. கையை எடுத்தால் பொருள் பொது. வெளியே போக வேண்டியிருந்தால் தன்னுடைய சாமான் ஏதாவது ஒன்றை, ஒரு துண்டோ குடையோ சாவிக்கொத்தோ, அதன் மேல் போட்டுவிட்டுப் போகலாம். அது இருக்கும் வரை அவர் கை இருப்பதாகக் கணக்கு. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிக்கிறோமே, அதே நியாயம்தான். இது எதுவும் தெரியாமல் நான் கடை வாசலில் நின்று அழுதேன். ரஃபீக் பாய் கண்ணாடியைப் பேப்பரில் சுற்றிக்கொண்டே சொன்னார்:

"அழுது என்னம்மா பிரயோஜனம்? கை எடுத்தாச்சு, ஆயித்து."

டம்ளர் தடம்

யாதவகிரியில் ஹோம்ஸ்டே நடத்துகிற ஒரு அம்மாவுக்கு, கை நீண்ட பழைய சாய்வு நாற்காலி வேண்டும் என்றார்கள். மூன்று வாரம் அலைந்து, ஒரு காபித் தோட்டத்து பங்களாவில் இருந்து வந்த தேக்கு நாற்காலியைப் பிடித்தேன். பிரம்பு கூட அறுபடவில்லை. வலது கைப்பலகையில் மட்டும் ஒரு வட்டம். யாரோ ஒரு புண்ணியவான் வருஷக்கணக்கில் காலைக் காபி டம்ளரை ஒரே இடத்தில் வைத்து வைத்து விழுந்த தடம். எனக்கு அந்த வட்டம்தான் பிடித்தது. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "சீ, கறை! தேய்ச்சுக் கொண்டு வாங்க" என்றார்கள். ஆசாரியைப் பிடித்து இழைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டுக் கொண்டுபோய் இறக்கினேன். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது புதுசு மாதிரி இருக்கே" என்றார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் நாற்காலியோடு சேர்த்து அவர்களையும் ஆட்டோவில் ஏற்றியிருப்பேன். முருகேசன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தால் கைதான் முதலில் எழும், வாய் பிறகுதான் திறக்கும். அது அவருக்குத் தெரியும். "சரி, எந்த மாதிரி வேணும்னு ஒருமுறை தெளிவா சொல்லிடுங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். அந்த அம்மா முகம் மலர்ந்து சொன்னார்கள்:

"அந்த மேடம் கஃபேல இருக்கிற சேர்ல எல்லாம் எவ்ளோ சந்தமா, அழகா ஒரு டம்ளர் தடம் இருக்கு தெரியுமா? அந்த மாதிரி கிடைக்குமாக்கா?"

ராணிக்கு விரல் இல்லை

வொண்டிகொப்பலில் ஒரு ரிட்டயர்டு டீச்சர், வீட்டைக் காலி பண்ணிவிட்டு மகனின் ஃபிளாட்டுக்குப் போகிறார் என்று தகவல் வந்தது. விடிந்ததும் போய் நின்றேன். தசராவுக்குக் கொலுவில் வைக்கிற ராஜா ராணி மரப்பொம்மை, முழங்கை உயரம், கண்ணுக்கு மை தீட்டியது இன்னும் அழியவில்லை. ஆசையை முகத்தில் காட்டவில்லை. ராணியைத் தூக்கிப் பார்த்து, "விரல் போயிடுச்சே" என்றேன். ராஜாவைத் திருப்பி, "அடியில கரையான் அரிச்சிருக்கு" என்றேன். பிறகு, "ராணி எனக்கு வேண்டாம், ராஜாவை மட்டும் கொடுங்க" என்று பாதி விலைக்கும் கீழே கேட்டேன். ராஜாவை மட்டும் வாங்கினால் ராணியை அப்புறம் சும்மாவே கொடுத்துவிடுவார்கள் என்பது என் கணக்கு. டீச்சர், "ஜோடியைப் பிரிச்சுக் கொடுக்கிறதில்லைம்மா" என்று மட்டும் சொன்னார். நாளைக்கு இறங்கி வருவார் என்று நினைத்து, கையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வீடுதானே, கடையா என்று துண்டு கூடப் போடவில்லை.

மறுநாள் போனால் அலமாரி காலி. வந்தது யார் என்று நான் கேட்கவே இல்லை. மேஜை மேல் ஒரு மைசூர்பாகு டப்பா இருந்தது. அதைப் பார்த்தே தெரிந்துவிட்டது. பொம்மை வாங்க வந்தவர் இனிப்பும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்! எங்கள் தொழிலில் இதற்கு என்ன பதில் இருக்கிறது, சொல்லுங்கள். "என்னைவிட எவ்வளவு அதிகம் கொடுத்தாங்க?" என்று கேட்டேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, பரீட்சைத் தாள் திருப்பிக் கொடுக்கிற குரலில் சொன்னார்:

"நீங்க விரல் இல்லைன்னு சொன்னீங்க. அவங்க பொம்மைக்கு என்ன பேருன்னு கேட்டாங்க."

பாதி மயில்

இனிமேல் சொல்லப் போவதுதான் என் வயிற்றெரிச்சலின் மூலம். ஊருக்கெல்லாம் வீட்டை அலங்கரித்துக் கொடுத்தவளுக்கு மூன்று வருஷத்துக்கு முன்புதான், ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம், சொந்தமாக இரண்டு அறையும் ஒரு கூடமும் எழும்பியது. நான் வளர்ந்த லேபர் ஷெட்டுகளில் ஜன்னல் என்றால் தகரத்தில் ஒரு ஓட்டை, அதில் ஒரு சிமெண்டுச் சாக்கு. அதனால் கூடத்து ஜன்னல் மட்டும் நான் நினைத்தபடிதான் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன்.

அக்ரஹாரத்தில் ஒரு வீட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். இடிபாட்டில் ஒரு ஜன்னல் கதவு சாய்ந்து கிடந்தது. தேக்கு. சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று சின்னச் சின்னக் கண்ணாடிச் சதுரங்கள், ஒன்று கூட உடையவில்லை. மேல்பட்டையில் ஒரு மயில் செதுக்கியிருந்தது. தலை, கழுத்து, உடம்பு வரைக்கும்தான். தோகை அடுத்த கதவில் தொடர வேண்டும். அடுத்த கதவு எங்கே? காலையிலேயே விறகோடு சேர்த்து எந்த வண்டியிலோ போய்விட்டது என்றார்கள். கதவின் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். உளியால் மூன்று வெட்டு. ஆசாரிகள் கதவு மாறிப் போகாமல் இருக்க ஜோடிக்கு ஜோடி இப்படி ஒரே மாதிரி வெட்டு வைப்பார்கள். சித்தாளாக இருந்தபோது பார்த்துத் தெரிந்துகொண்டது. மூன்று வெட்டு உள்ள வலது கதவு இந்த ஊரில்தான் எங்கேயோ இருக்கிறது, எப்படியும் என் கையில் சிக்கும் என்று இடது கதவை வாங்கிவிட்டேன். கொத்தனாரிடம் இரண்டு கதவுக்கும் அளவு கொடுத்து இடம் விடச் சொன்னேன். இடது கதவை மாட்டினோம். வலது பக்கம் ஒரு பிளைவுட் பலகையை ஆணி அடித்து வைத்தோம். இடது கதவில் தாழ்ப்பாள் இருக்கிறது. அது போய் விழ வேண்டிய வளையம் இருப்பது வலது கதவில். முதல் மழையிலேயே பிளைவுட் ஊதிக்கொண்டு கூடத்தில் தண்ணீர் வந்தது. முருகேசன் சாக்கை எடுத்து அடைத்துக்கொண்டே கேட்டார்:

"ஏம்புள்ள, ஒத்தைக் கதவை வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போற? அந்தப் பக்கம் நான் நிக்கட்டுமா?"

ஒரு டீயால் போனது

மூன்று வருஷம் தேடினேன். ஒரு வியாழக்கிழமை ரஃபீக் பாய் கடையில், உடைந்த ஃபிரிட்ஜ் கதவுகளுக்குப் பின்னால் அது நின்றுகொண்டிருந்தது. மேல்பட்டையில் தோகை. ஓரத்தைத் தடவினேன். மூன்று வெட்டு. வளையம் கூட அப்படியே இருந்தது. அந்த நிமிஷம் என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது, நல்லவேளை பாய் எடைத் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு மேல் கையை வைத்து, கொட்டாவி விட்ட மாதிரி வாயைத் திறந்து, "இந்தப் பலகை என்ன விலை பாய்?" என்றேன். அவர் ஒன்று சொன்னார். நான் பாதி சொன்னேன். அவர் நெஞ்சில் கை வைத்தார். நான் கண்ணாடிக்கு ரசம் போய்விட்டது என்றேன். கலர்க் கண்ணாடிக்கு ஏதம்மா ரசம் என்றார். இப்படி நாற்பது நிமிஷம். "இதோட ஜோடி எங்கேயோ இருக்கு செல்வி, யார்கிட்டயாவது இருந்தா விலையே வேற" என்று அவர் சொன்னபோது கதவு மேல் வைத்த கையை இன்னும் அழுத்தினேன். ஜோடி என்னிடம்தான் இருக்கிறது, இது என் வீட்டு ஜன்னல், என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் விலை ஏறும் என்கிற பயம் பதினான்கு வருஷமாக என் நாக்கில் குடியிருக்கிறது.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள், மேடம். கைத்தறிப் புடவை, தோளில் சணல் பை, மணிக்கட்டில் ஒரே ஒரு மெல்லிய வளையல். மரியாதையாகத் தள்ளி நின்றீர்கள். விலை கேட்கவில்லை, சட்டத்தை மீறவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், பொய் எழுத வரவில்லை. பாய் உள்ளே குரல் கொடுத்தார். நாற்காலி வந்தது. துடைத்தார்கள். டீ வந்தது, சாஸரோடு. பதினான்கு வருஷமாக அந்தக் கடை வாசலில் கத்திக் கத்தித் தொண்டை காய்ந்த எனக்கு ஒரு நாள் ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்ததுண்டா? பாய் சொன்ன கடைசி விலைக்கும் நான் கேட்டதற்கும் நடுவில் ஒரு சின்ன வித்தியாசம்தான் மிச்சம் இருந்தது. ஆனால் என் கண் அந்த சாஸரில்தான் இருந்தது. "உங்க வியாபாரத்துக்கு ஒரு பெரிய கும்பிடு பாய்!" என்று இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டேன்.

இரண்டு கையையும். என் உள்ளங்கைகள் ஒன்றோடு ஒன்று சேர்வதற்குள் ஒரு மெல்லிய வளையல் சத்தம் கேட்டது. நீங்கள் கையை வைத்துவிட்டீர்கள். "எவ்வளவு பாய்?" என்றீர்கள். அவர் எனக்குச் சொன்ன முதல் விலையைச் சொன்னார். "சரி" என்றீர்கள். நான் நாற்பது நிமிஷம் பேசியதை நீங்கள் மூன்று வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். கதவு வண்டியில் ஏறியது. எனக்குக் கும்பிட்ட கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பாய் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார்:

"டீ கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே செல்வி. கையை ஏன் எடுத்தே?"

வீட்டுக்குள்ளேயே

எதிரி வெளியே இருந்தால் சமாளிக்கலாம். என் மகள் கீர்த்தனா காலேஜில் படிக்கிறாள். தமிழில் கேட்டால் கன்னடத்தில் பதில் சொல்கிற சாதி, "பார்க்க" என்று வாயில் வராது, "நோடக்கெ" என்பாள். சிநேகிதிகளோடு எடுத்த போட்டோ என்று போனை நீட்டினாள். பார்த்தால் உங்கள் கஃபே. பின்னால் சுவரில் என் வலது கதவு. அதுவும் எப்படி? தலைகீழாக! தோகை கீழே தொங்குகிறது, அதன் மேல் ஒரு மணி பிளாண்ட் கொடியைப் படர விட்டிருக்கிறீர்கள். கண்ணாடிச் சதுரங்களுக்குப் பின்னால் ஒரு பல்பு. சிவப்பும் பச்சையும் என் மகள் கன்னத்தில் விழுந்து, அவள் அவ்வளவு அழகாக இருந்தாள். அந்த வெளிச்சம் என் கூடத்தில் அவள் மேல் விழ வேண்டிய வெளிச்சம். எனக்கு என்ன எரிந்திருக்கும் என்று பெற்றவர்களுக்குத் தெரியும்.

"உனக்குக் காபி குடிக்க ஊர்ல வேற இடமே கிடைக்கலையாடி?" என்று கத்தினேன். நம் வீட்டுக் கதவின் மறுபாதி அது என்று அவளுக்குத் தெரியாது. தோற்றுவிட்டு வந்த கதையை யார் மகளிடம் சொல்வார்கள்? அவள் போட்டோவைப் பெரிதாக்கி, கூடத்து ஜன்னலையும் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அம்மா, நம்ம வீட்ல இருக்கிற மாதிரியேதான் இருக்கு. ஆனா அங்கே நோடக்கெ சூப்பரா இருக்கு."

தென்னங்கீற்று

ஞாயிற்றுக்கிழமை, நல்ல புடவையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு, கீர்த்தனாவை இழுத்துக்கொண்டு நானே உங்கள் கஃபேக்கு வந்தேன். தெருப் பெயரை எழுத மாட்டேன், எழுதினால் ஆளைச் சொன்ன மாதிரி. நேராகப் போய் அந்தச் சுவர் ஓரத்து மேஜையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் இடது கையைக் கதவு மேல் வைத்தேன். காபி வந்தது. வலது கையால் குடித்தேன். வடை வந்தது. ஒரு கையாலேயே பிட்டேன். கீர்த்தனா, "அம்மா, எல்லாரும் பார்க்கிறாங்க, கையை எடு" என்று காலை மிதித்தாள். எடுப்பேனா? ஒரு முறை எடுத்தது போதாதா?

அங்கே இருந்த ராஜா ராணியையும் பார்த்தேன். ராணிக்கு விரல் ஒட்டவில்லை, அப்படியே வைத்திருந்தீர்கள். கீழே ஒரு சின்ன அட்டையில் டீச்சர் சொன்ன பெயர்கள். சண்டை போடாமல், குறை சொல்லாமல், ஒரு பொருள் தானாக நம் கைக்கு வந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். யோசித்தது வயிற்றெரிச்சலை அதிகமாக்கியதே தவிரக் குறைக்கவில்லை.

நீங்கள் சிரித்துக்கொண்டே வந்தீர்கள். "இந்தத் தென்னங்கீற்று டிசைன் பிடிச்சிருக்காக்கா?" என்றீர்கள். தென்னங்கீற்று! பதினான்கு வருஷம் வாய்க்குக் காவல் வைத்தவள், அந்த ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "கீற்று இல்லைங்க, மயில் தோகை. தலைகீழா மாட்டியிருக்கீங்க. ஓரத்துல மூணு வெட்டு இருக்கும், தடவிப் பாருங்க. இதோட தலை என் வீட்டுக் கூடத்துல இருக்கு, தாழ்ப்பாளோட. இது எங்க ஜன்னல்." கீர்த்தனா வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தாள். நீங்கள் குனிந்து ஓரத்தைத் தடவினீர்கள். ஒன்று, இரண்டு, மூன்று. உங்கள் முகத்தைப் பார்த்தேன். கொடுத்துவிடப் போகிறீர்கள் என்றே நினைத்தேன். வேண்டும் என்கிற துடிப்பை மறைக்கக் கூடத் தெரியாத முகம் உங்களுடையது. கண் இரண்டும் பளபளக்க, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்:

"அய்யோ, அப்போ ஜோடி உங்ககிட்டயா இருக்கு? விலையை நீங்களே சொல்லுங்கக்கா, நான் பேரமே பேச மாட்டேன்."

மஞ்சள் டேப்

வாழ்க்கையில் முதல் முறையாக ஒருத்தர் என்னிடம் விலையை நீயே சொல் என்கிறார். என் கூடத்து மயிலின் தலைக்கு என்ன விலை? "யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்தேன். எழுந்தால் கையை எடுக்க வேண்டுமே. பைக்குள் துழாவினேன். அளவெடுக்க நான் எப்போதும் வைத்திருக்கும் மஞ்சள் துணி இஞ்ச் டேப் இருந்தது. தலைகீழாக இருந்தாலும் வளையம் வளையம்தானே. டேப்பை அதில் மாட்டித் தொங்கவிட்ட பிறகுதான் கையை எடுத்தேன். சட்டப்படி பார்த்தால் என் கை இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பத்து நாள் ஆயிற்று. பேரம் முடியும் வரை அந்தக் கதவை யாரும் தொட முடியாது என்ற தைரியத்தில் நான் மழையைக் கூடப் பொறுத்துக்கொண்டேன். முந்தாநாள் கீர்த்தனா ஒரு போட்டோ காட்டினாள். என் டேப்பை நீங்கள் எடுத்து வைக்கவில்லை, "யாரோடது இது" என்று கேட்கவும் இல்லை. அழகாக ஒரு முடிச்சுப் போட்டு, நுனி இரண்டையும் சமமாகத் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு பழைய கத்திரிக்கோலையும் மாட்டியிருக்கிறீர்கள். வந்தவர்கள் எல்லாரும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறார்களாம். என் மகள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அம்மா, உன் டேப்பும் வின்டேஜ் ஆயிடுச்சு!"

ஆகவே மேடம், டேப் தொங்கும் வரை கதவு என் பேரத்தில் இருக்கிறது என்பதும் ஜோடியைப் பிரிக்கக் கூடாது என்பதும் நம் இருவருக்கும் தெரிந்த சட்டம் என்பதால், முருகேசனின் ஆட்டோ உங்கள் வாசலில் வந்து நிற்கும்போது அந்த மயில் தோகையைக் கழற்றி, நேராக நிமிர்த்தி, என் டேப்போடு சேர்த்து ஏற்றிவிட்டு விலையை நீங்களே சொல்லிவிடுங்கள், நான் பேரம் பேச மாட்டேன் என்று மட்டும் என்னால் வாக்குக் கொடுக்க முடியாது.